கல்லுக்கு அடியில் இருந்த சீட்டுகள்

ஐப்பசி மழையில் கோத்தகிரி மூன்று நாள்களாக நனைந்துகொண்டிருந்தது. தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மறித்துக்கொள்வதால் எங்கள் பக்கத்துக்கு வடகிழக்குதான் பெரிய மழை. அந்த மழையில் ஒரு பெரியவர் தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, தேயிலைத் தொழிற்சாலையின் கொள்முதல் ஜன்னலுக்கு வந்து நின்றார். கையில் முந்தைய நாள் வாங்கிய சீட்டு. பெயர் சரி, உறுப்பினர் எண் சரி, தேதி சரி. எடை மட்டும் கூடுதல்.

"நான் கொண்டுவந்தது நான்கு சாக்கு தம்பி. இதில் ஏழு என்று போட்டிருக்கிறது. மிச்சம் மூன்றும் யாருடைய இலை என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

அந்தச் சீட்டை அச்சிட்ட மென்பொருளை எழுதியவன் நான். 2012-ஆம் ஆண்டு. வேலை கோயம்புத்தூரில், வீடு அரவேனுப் பக்கம். வாரக் கடைசியில் ஊருக்கு வரும்போதெல்லாம் தொழிற்சாலைக்குப் போய், எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். அன்றும் அப்படித்தான் போயிருந்தேன். பெரியவர் என் அப்பாவுக்குத் தெரிந்தவர். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிறு தேயிலை விவசாயிக்கு அந்தச் சீட்டு எவ்வளவு பெரிது என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இலையைக் கொடுத்த அன்றே காசு வந்துவிடாது. மாதம் முடிந்து, விலை போட்டு, உரத்துக்கு வாங்கிய முன்பணத்தைக் கழித்து, மிச்சம்தான் கைக்கு வரும். அதுவரை அவரிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தத் துண்டுக் காகிதம். ஒருவர் சீட்டில் மூன்று சாக்கு கூடுகிறது என்றால், இன்னொருவர் கணக்கில் மூன்று சாக்கு குறைந்திருக்க வேண்டும். மழையில் நின்று கொழுந்து கிள்ளிய யாரோ ஒருவருடைய ஒரு நாள் உழைப்பு அது.

என் மென்பொருளில் நான்கு பக்கங்கள். முதல் பக்கத்தில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவதில் ஒவ்வொரு சாக்காக எடையைப் பதிய வேண்டும். மூன்றாவதில் ஈர இலைக்கான கழிவு. மழைக்காலத்தில் இலையோடு தண்ணீரும் சேர்ந்து எடை காட்டும் என்பதால் கிலோவுக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். நான்காவதில் எல்லாவற்றையும் சரிபார்த்துச் சீட்டு அச்சிட வேண்டும். முதல் பக்கத்தில் தேர்ந்தெடுத்த உறுப்பினரை நான்காவது பக்கம் வரை மறக்காமல் கொண்டுபோக வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. வலைச் செயலிகளில் நான் பார்த்தவரை, இவ்வளவு எளிதாகத் தோன்றி இவ்வளவு தொல்லை கொடுத்த வேலை வேறு கிடையாது.

காரணம், பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான, வலையின் அடித்தளமான ஹெச்டிடிபிக்கு நினைவு என்பதே கிடையாது. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கிறது, சர்வர் கொடுக்கிறது, அத்தோடு உறவு முடிந்தது. அடுத்த முறை அதே பிரவுசர் வந்து நின்றாலும் சர்வருக்கு அது புது முகம்தான். 1994-இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மாண்டுல்லி, பிரவுசர் வைத்திருந்து ஒவ்வொரு முறையும் திருப்பிக் காட்டும் சிறு அடையாளக் குறிப்பான குக்கீயைக் கொண்டுவந்த பிறகுதான், வந்தவர் முன்பு வந்தவரே என்று சர்வரால் அடையாளம் காண முடிந்தது. ஜாவா சர்வர்கள் ஜேசெஷன்ஐடி என்ற பெயரில் ஒரு குக்கீயைக் கொடுத்தனுப்பி, அந்த எண்ணுக்கு உரிய பொருள்களைத் தம் நினைவில் வைத்துக்கொள்ளும். அந்தப் பொருள்களைத்தான் நாங்கள் பீன் என்கிறோம். ஜாவா என்பது காப்பியின் பெயர் என்பதால் அதற்குள் இருப்பது கொட்டை. திரையில் தட்டச்சு செய்வது எல்லாம் போய் உட்காரும் இடம் அது.

பீனை எவ்வளவு காலம் உயிரோடு வைத்திருப்பது? ஜாவாவில் வலைப் பக்கங்களை எழுத உதவும், 2004-இல் வந்த ஜாவாசர்வர் ஃபேசஸ் இதற்கு முக்கியமாக மூன்று விடை கொடுத்தது. ஒரு கோரிக்கை, அதாவது பக்கத்தை ஒருமுறை கேட்டு வாங்குவது, முடியும் வரை; ஒரு செஷன், அதாவது ஒரே குக்கீயோடு ஒருவர் வந்துபோகும் மொத்த நேரம், முடியும் வரை; அல்லது செயலி ஓடும் வரை. கடைசியானது எல்லோருக்கும் பொதுவானது. கொள்முதல் விலை போன்றவற்றை வைக்க உதவும். ஆக, நான்கு பக்கம் தாண்டி ஒரு வேலையைச் செய்பவருக்கு முதல் இரண்டுதான் மிச்சம்.

முதலாவதை எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் மலை ரயிலைத்தான் நான் எப்போதும் சொல்வேன். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி என்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களைப் பிடித்துக்கொள்ள, மூச்சிரைத்து ஏறும். குன்னூர் வந்ததும் அந்த என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினை மாட்டுவார்கள். 1899-இல் குன்னூர் வரை வந்த பாதை, 1908-இல் ஊட்டி வரை நீண்டது. என்ஜின் மாறும் அந்த நேரத்தில் பயணிகள் இறங்கி டீ குடிப்பார்கள். பை இருக்கையிலேயே இருக்கும், ஜன்னலோர இடமும் அவர்களுக்கே இருக்கும். கோரிக்கை முடிந்ததும் செத்துப்போகும் பீன், என்ஜினோடு பெட்டியையும் சேர்த்துக் கழற்றிவிடுவது மாதிரி. இரண்டாவது பக்கத்துக்குப் போனதும் உறுப்பினர் காணாமல் போய்விடுவார்.

அதனால் நான் இரண்டாவதை எடுத்தேன். செஷன் முழுக்க ஒரே பீன். எல்லாப் பக்கத்திலும் எல்லாம் கிடைத்தது. என் கணினியில் நூறு முறை ஓட்டிப் பார்த்தேன், ஒரு பிழை வரவில்லை. வராததற்குக் காரணம், நான் ஒரே ஒரு ஆளாக, ஒரே ஒரு ஜன்னலில், ஒரு விவசாயி முடிந்த பிறகு அடுத்த விவசாயி என்று ஓட்டிப் பார்த்ததுதான். கொள்முதல் ஜன்னலில் வேலை அப்படி நடப்பதில்லை.

அங்கே உட்கார்ந்திருந்த எழுத்தர் அக்கா அன்று என்ன செய்தார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு விவசாயிக்கு மூன்று சாக்கு எடை போட்டாயிற்று. மீதிச் சாக்குகள் இன்னும் ஜீப்பிலிருந்து இறங்கவில்லை. அந்த நேரத்தில் நம் பெரியவர் வந்து, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அக்கா முதல் ஆளின் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, பிரவுசரில் இன்னொரு தாவலைத் திறந்து, பெரியவரின் உறுப்பினர் எண்ணைப் போட்டு, நான்கு சாக்கையும் பதிந்து, அச்சிட்டுக் கொடுத்துவிட்டார். மனிதத்தன்மை உள்ள எவரும் அதைத்தான் செய்வார்கள்.

ஆனால் ஒரே பிரவுசரின் இரண்டு தாவல்களும் ஒரே குக்கீயைத்தான் அனுப்புகின்றன. சர்வருக்கு இரண்டும் ஒரே செஷன், ஒரே பீன். இரண்டாவது தாவலில் பெரியவரைத் தேர்ந்தெடுத்ததும் பீனில் உறுப்பினர் மாறிவிட்டார். சாக்குகளின் பட்டியல் மாறவில்லை. தவறான உறுப்பினரைத் தேர்ந்துவிட்டால் திரும்பிப்போய் மாற்றிக்கொள்ளலாம், பதிந்த எடை அழியாது என்று நானே வசதி செய்து வைத்திருந்தேன். எடைப் பக்கத்தில் இடம் போதவில்லை என்று, அதுவரை பதிந்த சாக்குகளைக் காட்டும் பட்டியலைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளியதும் நானே. முன்னவரின் மூன்று சாக்கின் மேல் பெரியவரின் நான்கு சாக்கு போய் உட்கார்ந்தது. சீட்டு அச்சானதும் பீன் காலியாகிவிட்டதால், அக்கா பழைய தாவலுக்குத் திரும்பியபோது அங்கே எடைகள் இல்லை. மின்சாரம் விட்டுவிட்டு வந்த நாள் என்பதால், கணினி ஏதோ தடுமாறிவிட்டது, முதல் மூன்றும் உள்ளே இருக்கும் என்று நினைத்து, கடைசி நான்கு சாக்கை மட்டும் பதிந்து அனுப்பியிருக்கிறார். முன்னவருக்கும் ஏழு சாக்கு வந்திருக்க வேண்டும்.

அன்று மாலையே அந்த ஆளைக் கண்டுபிடித்துக் கணக்கைத் திருத்தினோம். பெரியவர் வந்து சொல்லியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை.

மறுநாள் அக்காவிடம் ஒன்று கேட்டேன். கணினி வருவதற்கு முன்னால் இப்படி இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வீர்கள்?

மேசை ஓரத்தில் ஒரு கல் இருந்தது. ஓடையில் எடுத்த உருண்டைக் கல், உள்ளங்கை அளவு. அதைத் தூக்கிக் காட்டினார். "பாதியில் நிற்கிற சீட்டை இதற்கு அடியில் வைத்துவிடுவேன். அடுத்தவருக்குப் புதுச் சீட்டு. சில நாள் இதன் அடியில் நான்கைந்து சீட்டுகூட இருக்கும். ஆள் திரும்பி வந்ததும் அவர் சீட்டை உருவி மீதியை எழுதுவேன். முடிந்ததும் கிழித்துக் கொடுத்துவிடுவேன்." சொல்லிவிட்டுக் கல்லை அதன் இடத்தில் வைத்தார். அந்த இடத்தில் மேசையின் வார்னிஷ் தேய்ந்து வட்டமாக வெளுத்திருந்தது.

எனக்கு விடை கிடைத்துவிட்டது. செஷன் என்பது அக்கா உட்கார்ந்திருக்கும் நாற்காலி. காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுவார். அதற்குள் அறுபது பேர் வந்துபோவார்கள். நான் அறுபது பேரின் கணக்கையும் நாற்காலியின் மேல் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் சீட்டின் மேல் எழுதினார். சீட்டு ஒரு வேலை தொடங்கும்போது பிறந்து, அந்த வேலை முடியும்போது முடிகிறது. நடுவில் எத்தனை பக்கம், எத்தனை மணி நேரம், எத்தனை பேர் குறுக்கே வந்தார்கள் என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை.

கோரிக்கைக்கும் செஷனுக்கும் நடுவில் இருந்த இந்தப் பள்ளத்தை நிரப்ப நிறையப் பேர் உழைத்திருக்கிறார்கள் என்பது அதற்குப் பிறகு ஆவலோடு படிக்கும்போதுதான் புரிந்தது. மறைந்த உள்ளீடுகளில் எல்லா மதிப்பையும் எழுதிப் பக்கம் பக்கமாகக் கடத்துவது பழைய வழி. அதில் கடத்தப்படும் எதையும் பயனர் மாற்றி அனுப்ப முடியும் என்பதால், எடையையும் விலையையும் நான் ஒருபோதும் அப்படி அனுப்ப மாட்டேன். டோமஹாக் என்ற தொகுப்பில் நிலையைச் சேமிக்க ஒரு குறிச்சொல் வந்தது. அது பீனின் நிலையைப் பக்கத்தின் நிலையோடு சேர்த்துக் கட்டி அனுப்பும். பிறகு, 2006-இல் கேவின் கிங்கும் ஜேபாஸ் குழுவினரும் கொண்டுவந்த சீம் என்ற ஜாவா தொகுப்பு, கன்வர்சேஷன் என்ற எண்ணத்தை மையத்தில் வைத்தது. உரையாடல் என்று நேராகத் தமிழில் சொல்லலாம். பயனருக்கும் சர்வருக்கும் இடையே ஒரு காரியத்தைப் பற்றி நடக்கும் பேச்சு. காரியம் முடிந்தால் பேச்சும் முடிந்தது. அந்த எண்ணம்தான் 2009 டிசம்பரில், பெரிய செயலிகளுக்கான ஜாவா ஈஈ 6-இன் பகுதியாக, சிடிஐ என்ற பெயரில் தரநிலையானது. கல்லுக்கு அடியில் இருந்த சீட்டு அதுதான்.

அதே 2009-இல் வந்த ஜாவாசர்வர் ஃபேசஸ் 2.0 இன்னொன்றையும் கொடுத்தது: வியூ ஸ்கோப். ஒரே பக்கத்தில் இருக்கும்வரை பீன் உயிரோடு இருக்கும். பக்கம் மாறினால் போய்விடும். நான்கு பக்க வேலைக்கு இது போதாது என்று தெரிந்தும், நான்கையும் ஒரே பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பகுதியாகக் காட்டினால் என்ன என்று இரண்டு நாள் முயன்றேன். அந்த இரண்டு நாளில் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்னும் பலர் அதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். பொத்தானை அழுத்தியதும் ஓடும் செயல் எதையும் திருப்பித் தராமல் முடிந்தால் அதே வியூ தொடரும், பீனும் பிழைக்கும். அதே பக்கத்தின் பெயரைத் திருப்பித் தந்தால்கூடப் போதும், புது வியூ பிறந்துவிடும். பழைய பீன் போய், புது பீன் காலியாக வந்து நிற்கும். திரையில் முகவரி மாறாது, பக்கம் மாறாது, எழுதியது மட்டும் காணாமல் போகும்.

அடுத்த குழி இதைவிட ஆழம். பீனின் ஆயுளைச் சொல்ல நிரலில் அதன் மேல் எழுதும் குறிப்பு (அனோட்டேஷன்) ஒரே பெயரில் இரண்டு. பழைய ஃபேசஸ் பீன்களுக்கான வியூஸ்கோப்டு ஒரு பொதியில் (பேக்கேஜில்) இருந்தது. சிடிஐ பீனுக்கு அதைப் போட்டால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது, சர்வர் ஒன்றும் சொல்லாது. அந்தக் குறிப்பு சிடிஐக்குத் தெரியாது என்பதால் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பக்கத்தில் பீனைக் குறிப்பிடும் இடத்துக்கு இடம் புதுப் பீன் பிறக்கும். சிடிஐக்கு உரிய வியூஸ்கோப்டு, 2013-இல் வந்த ஃபேசஸ் 2.2-இல்தான் வேறொரு பொதியில் சேர்ந்தது. இரண்டுக்கும் பெயர் ஒன்று. இறக்குமதி வரியைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். 2022-இல் வந்த ஃபேசஸ் 4.0-இல் பழைய பொதியையே நீக்கிவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

கடைசியில் நான்கு பக்கத்தையும் நான்காகவே வைத்துக்கொண்டு, கன்வர்சேஷனுக்கு மாறினேன். எங்கள் டாம்கேட் சர்வரில் சிடிஐ கிடையாது என்பதால் வெல்டு என்ற தொகுப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. பீனில் செய்த மாற்றம் சிறிதுதான். உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததும் கன்வர்சேஷனைத் தொடங்கு; சீட்டு அச்சானதும் முடி. தொடங்கியதும் சர்வர் அதற்கு ஓர் எண் கொடுத்து, முகவரியில் சிஐடி என்ற பெயரில் சேர்த்துவிடும். ஒரு தாவலில் சிஐடி 4, இன்னொரு தாவலில் சிஐடி 5. குக்கீ ஒன்றாக இருந்தாலும் சீட்டு வேறு. படிவத்தை அனுப்பும்போதும், அதன் பிறகு வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும்போதும் எண் தானாகக் கூடவே வரும். நாமே எழுதிய சாதாரண இணைப்புகளில் மட்டும் வராது. நாம்தான் சேர்க்க வேண்டும். முகப்புக்குப் போகும் இணைப்பில் வேண்டுமென்றே சேர்க்காமல் விட்டேன். அங்கிருந்து தொடங்குவது புதுச் சீட்டு.

சீட்டு அச்சானதும் காட்டும் "பதிவாகிவிட்டது" என்ற செய்திக்கு ஃபேசஸ் தரும் ஃபிளாஷ் என்ற குறுகிய நினைவு போதும். ஒரே ஒரு பக்கமாற்றத்துக்கு உயிரோடு இருந்து, அடுத்த பக்கத்தில் தலையைக் காட்டிவிட்டு மறைந்துபோகும்.

இந்த மாற்றத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வந்தால் சீட்டைக் காணோம் என்கிறது." வெல்டு, யாரும் தொடாத கன்வர்சேஷனைப் பத்து நிமிடத்தில் கலைத்துவிடும், நாம் வேறு சொல்லாவிட்டால் அதுதான் கணக்கு. பத்து நிமிடம் என்று எந்த ஊரில் உட்கார்ந்து யார் முடிவு செய்தார்களோ, மழை நாளில் ஒரு ஜீப் வளைவுகளைத் தாண்டி வந்து சேரும் நேரம் அதில் இல்லை. நேரத்தை நீட்டினேன். அதோடு செஷனின் நேரத்தையும் நீட்ட வேண்டியிருந்தது, ஏனென்றால் கன்வர்சேஷன் செஷனுக்கு உள்ளேதான் வாழ்கிறது. டாம்கேட் முப்பது நிமிடத்தில் செஷனையே மூடிவிட்டால் உள்ளே இருக்கும் சீட்டுகள் எல்லாம் ஒன்றாகப் போய்விடும்.

அப்புறம் மின்சாரம். எங்கள் மலையில் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் போதும். சர்வர் தொழிற்சாலை அலுவலகத்திலேயே இருந்தது. அது அணைந்தால் அதன் நினைவில் இருந்த எல்லாக் கன்வர்சேஷன்களும் அணைந்தன. பீனின் ஆயுளை எவ்வளவு அழகாக வகுத்தாலும், அது வாழ்வது சர்வரின் நினைவில்தான் என்பதை நான் மறந்திருந்தேன். காகிதச் சீட்டுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. அதனால் ஒவ்வொரு சாக்கு பதிந்ததும் தரவுத்தளத்தில் முடியாத சீட்டு என்று ஒரு வரி எழுதவைத்தேன். முகப்பில் "பாதியில் நிற்பவை" என்று ஒரு பட்டியல். அதைத் தொட்டால் புதுக் கன்வர்சேஷன் பிறந்து, பழைய எடைகளை ஏற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். எடைப் பக்கத்திலேயே, அதுவரை பதிந்த சாக்குகளையும் பெரிய எழுத்தில் உறுப்பினரின் பெயரையும் ஊரையும் காட்டினேன். இடம் போதவில்லை என்று நான் நினைத்ததெல்லாம் பொய். இடம் இருந்தது.

இப்போது பலர் இந்த வேலையைப் பிரவுசர் பக்கமே வைத்துச் செய்கிறார்கள். ஃபேசஸ் பற்றிப் பேசினாலே பழங்காலத்து ஆள் என்பார்கள். எதில் எழுதினாலும் இந்தக் கேள்வி கூடவே வருகிறது. போன மாதம் குன்னூரில் ஒரு தம்பி தன் செயலியைக் காட்டினார். சுற்றுலா வருபவர்களுக்கு அறை பதிவு செய்வது. பிரவுசரின் உள்சேமிப்பில் எல்லாவற்றையும் வைத்திருந்தார். நான் இரண்டு தாவலைத் திறந்து, ஒன்றில் ஒரு தேதியும் மற்றதில் வேறொரு தேதியும் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது தேதிதான் இரண்டிலும் பதிவானது. அவரிடம் கல்லைப் பற்றிச் சொன்னேன்.

அந்தத் தொழிற்சாலைக்கு நான் கடைசியாகப் போனதும் ஓர் ஐப்பசியில்தான். ஜன்னலுக்கு வெளியே நான்கு பேர். உள்ளே அக்காவின் திரையில் மூன்று தாவல்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. ஜெனரேட்டர் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். அக்கா ஒன்றும் பதறவில்லை. தராசில் சாக்கு ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த ஒரு காகிதத்தில் எடையைக் குறித்துக் கல்லுக்கு அடியில் வைத்தார். விளக்கு வந்தது. கணினி மெல்ல எழுந்தது. பாதியில் நிற்பவை பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்தன. நடுவில் இருந்ததைத் தொட்டார். ஐந்து சாக்கு, ஒவ்வொன்றாக, விட்ட இடத்தில்.

கல்லுக்கு அடியிலிருந்து காகிதத்தை உருவி, ஆறாவது என்று சொல்லி, முப்பத்தொன்று என்று பதிந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்றவர் தலையை உள்ளே நீட்டித் திரையைப் பார்த்துச் சரி என்றார்.